பழைய மரக் குஞ்சு பொரிப்பான் ஒன்றை மீட்டெடுத்துப் பயன்படுத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் இயங்குமாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட மரக் குஞ்சு பொரிப்பான்கள் பழம்பொருள் சேகரிப்போரிடமும் பண்ணைக் கிடங்குகளிலும் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அத்தகைய பெட்டி ஒன்றைப் பழுது நீக்கி, மின்சூட்டுக்கு மாற்றி, அதில் கோழி முட்டைகளை அடைவைத்துக் குஞ்சு பொரித்தது இங்கே பதிவு செய்யப்படுகிறது. இப்பணியில் மரவேலை எளிதான பகுதி. பெட்டிக்குள் காற்று எங்கே புகுந்து, எங்கே சூடாகி, எந்த வழியே முட்டைகளைக் கடந்து வெளியேறுகிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகே எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவு பிறந்தது.

பெட்டியின் வடிவத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பண்டைய எகிப்தியர் மண் செங்கல் அறைகளில் நெருப்பு மூட்டி முட்டைகளைப் பொரித்தனர். சூட்டின் அளவைப் பணியாளர்கள் உடலுணர்வாலேயே அறிந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கண்டுபிடிப்பாளர் கோர்னேலிஸ் டிரெபெல் தானே சூட்டைச் சரிசெய்துகொள்ளும் அடுப்பொன்றை வடிவமைத்து அதில் முட்டை பொரிக்க முயன்றார். 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் உருவாக்கிய பொரிப்பானும், 1881இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் அறிமுகப்படுத்திய, சூட்டைக் கட்டுப்படுத்தும்படி ஆவியாகும் நீர்மம் அடைத்த உலோகச் சிமிழும் இத்துறையை வீட்டுக்கும் சிறு பண்ணைக்கும் கொண்டுவந்தன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பெட்டி இந்த மரபில் வந்தது. செய்தவர் பெயர் பொறித்த தகடு கழன்றுபோயிருந்ததால் எந்த நிறுவனத்தின் படைப்பு என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.

பெட்டியின் அமைப்பு

கால்களை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டி அது. சுவர்கள் இரட்டைப் பலகையால் ஆனவை; இடைவெளியில் கம்பளி நார் திணிக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் விளக்கு வைக்கும் தகரக் கூடு, அதற்கு மேலே இரட்டைச் சுவர் கொண்ட உலோக உருளை. விளக்கின் புகை உருளையின் உட்சுவர் வழியே மேலே போய்விடும். வெளியிலிருந்து வரும் தூய காற்று இரு சுவர்களுக்கும் இடையே சூடேறிப் பெட்டியின் மேலறைக்குள் நுழையும். மேலறைக்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவே துணியாலும் கம்பளித் தகட்டாலும் ஆன திரை ஒன்று கிடையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சூடான காற்று அத்திரையின் இழைகளூடே மெதுவாகக் கசிந்து முட்டைகளின் மேல் இறங்கி, தரையில் உள்ள இன்னொரு துணித்திரை வழியே கீழே வெளியேறும்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் எளிமையானது. ஈதர் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மம் அடைத்த மெல்லிய பித்தளைச் சிமிழ் முட்டைகளுக்குச் சற்று மேலே தொங்குகிறது. ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் இயல்புடையது. அடைக்காலத்துக்கு வேண்டிய சூட்டில் சிமிழ் தெளிவாக உப்பும். உப்பும்போது அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி நெம்புகோலை உயர்த்த, நெம்புகோலின் மறுமுனை புகைபோக்கியின் வாயில் உள்ள மூடியைத் தூக்கிவிடும். விளக்கின் சூடு உருளையைச் சூடாக்காமல் நேரே வெளியே போய்விட, பெட்டி தணியும். மின்சாரத்தின் துணையே இல்லாமல், அரை டிகிரிக்கு நெருக்கமாகச் சூட்டை நிறுத்திய இந்த ஏற்பாட்டைக் கையால் இயக்கிப் பார்க்கும் எவருக்கும் அதைச் செய்தவர்கள்மேல் மதிப்புக் கூடும்.

முட்டைக்குள் வளரும் கரு மூச்சுவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால் துணித்திரைகளின் தேவை புலப்படும். கோழி முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் உள்ளன. 21 நாட்களில் ஒரு முட்டை சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்வாங்கி, 4.5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியிடுகிறது. நூறு முட்டைகள் அடுக்கிய தட்டுக்கு இடைவிடாத காற்று மாற்றம் வேண்டும். ஆனால் அந்தக் காற்று வீசக்கூடாது, வீசினால் முட்டை காய்ந்துவிடும். இவ்விரு தேவைகளையும் துணியின் இழைகளைக் கொண்டே ஒரே நேரத்தில் நிறைவேற்றிய வடிவமைப்பு இது.

முதற்கட்டச் சோதனை

பழைய பொரிப்பானைத் துடைக்கத் தொடங்கும் முன்பே மூன்று ஆபத்துகளை விலக்கியாக வேண்டும். விளக்குக் கூட்டையும் சூட்டு உருளையையும் சுற்றி அக்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையும் தாளும் ஒட்டுவது வழக்கம். சாம்பல் நிறத்தில் நார்நாராக எது தென்பட்டாலும் அதைச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது. மாதிரி சோதிக்கப்பட்டு, அது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று தெரிந்தால் உரிமம் பெற்றவர்களே அகற்ற வேண்டும். இந்தப் பெட்டியில் உருளையின் வெளிச்சுற்று அவ்வாறே அகற்றப்பட்டது. இரண்டாவது ஆபத்து ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு. அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நச்சுத் தூசி பறக்கும் என்பதால் ஈரப்படுத்தியே சுரண்டினோம். மூன்றாவது, பாதரச வெப்பமானி. அது உடைந்திருந்தால் பலகை இடுக்குகளில் பாதரசத் துளிகள் தங்கி, பெட்டி சூடாகும்போதெல்லாம் ஆவியாகிக்கொண்டிருக்கும்.

மரத்தின் நிலை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. கதவின் கீழ்ச்சட்டமும் தரைப் பலகையின் ஒரு மூலையும் உளுத்துப்போயிருந்தன. சுவருக்குள் இருந்த கம்பளியை அந்துப்பூச்சி தின்றிருந்தது. மேல் திரை கிழிந்து தொங்கியது. எண்ணிப்பார்க்க வைத்த பழுது இவற்றில் எதுவுமில்லை. பெட்டியைக் கவிழ்த்தபோது, அதன் அடிப்பகுதி முழுவதும் ஒட்டுப்பலகை வைத்து ஆணியடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. முந்தைய உரிமையாளர்களில் யாரோ, கீழே இருந்த துணித்திரையைச் சிதைந்த பகுதி என்று கருதி, குளிர்காற்று புகாதிருக்க நல்லெண்ணத்துடன் அடைத்திருக்க வேண்டும். வேலைப்பாடு நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் காற்று வெளியேறும் வழி அத்துடன் அடைபட்டுவிட்டது.

அந்தப் பலகையை உடனே பிடுங்காமல், அதன் விளைவை அளந்து பார்ப்பது பயனுள்ளது என்று தோன்றியது. தற்காலிகச் சூட்டமைப்பைப் பொருத்தி, முட்டையளவு நீர் நிரப்பி மூடிய சிறு கண்ணாடிக் குப்பிகளைத் தட்டெங்கும் பரப்பி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் வெப்ப உணரிகளை வைத்துப் பார்த்ததில், கதவோர மூலைக்கும் சூட்டு உருளைக்கு அருகிலுள்ள மூலைக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு நிலவியது. ஒட்டுப்பலகையை நீக்கி, கீழே புதிய துணித்திரை இழுத்துக் கட்டி, அதே குப்பிகளை அதே இடங்களில் வைத்து மீண்டும் அளந்தபோது வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியது. வெளியேற வழியில்லாத காற்று கதவிடுக்கை நாடிப் போயிருந்தது. கீழ்வழி திறந்ததும் அது தட்டின் பரப்பு முழுவதும் சீராக இறங்கத் தொடங்கியது. இதன்பின் ஒவ்வொரு முடிவையும், காற்றின் இந்தக் கீழ்நோக்கிய இறக்கத்தை அது கெடுக்குமா என்ற கேள்வியை வைத்தே எடுத்தோம்.

சூட்டுமூலம், கட்டுப்பாடு, விசிறி

மண்ணெண்ணெய் விளக்கை மீண்டும் ஏற்றுவதில்லை என்பது தயக்கமின்றி எடுத்த முடிவு. திரியில் கரி படிந்தால் புகை கிளம்பும். அடைபட்ட அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். உலர்ந்த மரத்துக்கருகில் மூன்று வாரம் இரவும் பகலும் எரியும் சுடரைக் காவல் காக்க வேண்டும். விளக்கையும் கூட்டையும் துடைத்துப் பாதுகாத்து வைத்துவிட்டு, மேலறைக்குள் சூடான காற்று நுழையும் வாயருகே மின்சூட்டுக் கம்பிச் சுருளைப் பொருத்தினோம். தட்டுக்குக் கீழே சூடேற்றும் பட்டையை வைப்பது எளிது என்றாலும், இந்தப் பெட்டியில் சூடு மேலிருந்தே வர வேண்டும். அடைக்கோழியும் மேலிருந்தே சூடு தருகிறது.

எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பெட்டியின் வெளிப்பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். இரட்டைப் பலகையும் இடையே 25 மில்லிமீட்டர் கம்பளியும் கொண்ட சுவர், சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாட் சூட்டை இழக்கும். அறை 20 டிகிரியிலும் உட்புறம் 38 டிகிரியிலும் இருந்தால் இழப்பு 36 வாட். காற்று மாற்றத்துக்கும் நீர் ஆவியாவதற்கும் இன்னும் சில வாட் சேர்க்கலாம். ஆகவே 60 வாட் சுருள் போதும். 200 வாட் பொருத்தினால் பெட்டி விரைவில் சூடேறும் என்பது உண்மை. ஆனால் கட்டுப்பாட்டுக் கருவி அணைத்த பிறகும் சுருளில் தேங்கிய சூடு திரையைத் தாண்டி இறங்கி, முட்டைகளின் மேல் ஏற்ற இறக்கமாக விழும். காற்று மெல்ல நகரும் பெட்டிக்கு மெல்லச் சூடேறும் சுருளே பொருந்தும்.

அடைக்காலத்தின் கடைசி நாட்களில் இக்கணக்கு மாறிவிடுகிறது. வளர்ந்த கரு ஒவ்வொன்றும் வாட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சூட்டை வெளியிடுவதால், நூறு முட்டைகள் சேர்ந்து பத்து வாட்டுக்கு மேல் தருகின்றன. நன்கு காப்பிடப்பட்ட மரப்பெட்டியில் இது மொத்தத் தேவையில் கால் பங்கை எட்டும். ஆகையால் முதல் வாரத்தில் சரியாக வைத்த அளவை மூன்றாம் வாரத்திலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. முட்டை மட்டத்தில் மீண்டும் அளந்து, கட்டுப்பாட்டைத் தணிக்க வேண்டும்.

பழைய ஈதர் சிமிழை வெந்நீரில் அமிழ்த்தியபோது அது தயக்கமின்றி உப்பியது, கசிவில்லை. எனினும் அதை முதன்மைக் கட்டுப்பாடாக வைக்கவில்லை. ஈதரின் கொதிநிலை வளிமண்டல அழுத்தத்தைச் சார்ந்தது. வானிலை மாறி அழுத்தம் குறையும்போது சிமிழ் சற்று முன்னதாகவே உப்பிவிடும். பழங்காலத்தில் திருகை அடிக்கடி திருப்பிச் சரிசெய்ததற்கு இது ஒரு காரணம். ஆகவே அன்றாடக் கட்டுப்பாட்டை மின்னணுத் தெர்மோஸ்டாட்டிடம் ஒப்படைத்து, சிமிழையும் நெம்புகோலையும் அவற்றின் பழைய இடத்திலேயே பொருத்தி, சூடு எல்லை மீறினால் மேலறையின் மூடியைத் தூக்கிவிடும் பாதுகாப்பாக வைத்தோம். மின்கருவி பழுதாகிச் சுருள் அணையாமல் போனாலும், எந்த மின்சாரத்தையும் நம்பாத சிமிழ் தன் வேலையைச் செய்யும். கூடுதலாக, சூடு மிகுந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தனி இணைப்பும் தரப்பட்டது. கருவுக்குக் குறைசூட்டைவிட மிகைசூடே கொடியது: சில மணி நேரக் குளிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும், அதே அளவு நேரம் மிகுந்த சூட்டில் இருந்தால் இறந்துவிடும்.

விசிறி பொருத்தலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. விசிறி உள்ள பொரிப்பானில் 37.5 முதல் 37.8 டிகிரி வரை எங்கும் ஒரே சூடு கிடைக்கும். பல அடுக்குத் தட்டுகளுக்கு அது இன்றியமையாதது. இந்தப் பெட்டியிலோ ஒரே தட்டு. விசிறி சுழன்றால் திரை வழியே இறங்கும் காற்றின் ஒழுங்கு குலைந்து, கதவோரக் குளிர்காற்றும் கலந்து, துணித்திரைகளே பொருளற்றுப் போகும். விசிறி வேண்டுவோர் அதற்கென வடிவமைத்த பெட்டியை நாடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. விசிறியில்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.6 முதல் 39.2 டிகிரி இருக்க வேண்டும். அப்போதுதான் முட்டை ஓட்டின் சூடு ஏறத்தாழ 38 டிகிரியில் நிற்கும். வெப்பமானியின் முனையை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அளவு மாறிவிடும் என்பதால், முனையின் உயரத்தைச் சிறு கம்பித் தாங்கி வைத்து நிலைப்படுத்தினோம்.

மரமும் துணியும்

உளுத்த சட்டத்தை வெட்டி நீக்கி, அதே இழையோட்டம் உள்ள மரத்துண்டைப் பொருத்தினோம். சுவரிடையே புதிய கம்பளி நார் இடப்பட்டது. நுரைப் பலகை வைத்தால் காப்பு கூடும் என்றாலும், கம்பளியைப் போல அது ஈரத்தை உறிஞ்சிப் பிறகு வெளிவிடாது. வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றும் என்பதால் அவற்றை விரித்து உலர்த்தியோ நீரில் ஊறவைத்தோ அப்புறப்படுத்த வேண்டும். உட்புறம் பற்றிய முடிவு அவ்வளவு எளிதாக இல்லை. பூச்சில்லாத மரத்தைக் கிருமி நீக்குவது கடினம்; தடித்த வண்ணம் பூசினால் மரம் ஈரத்தோடு கொண்ட உறவு அறுபடும். அவலரக்கை (ஷெல்லாக்) மெல்லிதாகப் பூசுவது இரண்டுக்கும் நடுவான வழியாகப் பட்டது. எதைப் பூசினாலும், வாசனை அறவே நீங்கும்வரை பெட்டியை வெறுமனே சூடாக்கி வைப்பது கட்டாயம்; முட்டையின் நுண்துளைகள் எந்த ஆவியையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதல் அடை

வெப்பமானிகள் நொறுக்கிய பனிக்கட்டி நீரிலும், 38 டிகிரியை ஒட்டி மருத்துவ வெப்பமானியோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. ஈரப்பதமானியை, ஈரமான உப்புடன் மூடிய கலத்துக்குள் வைத்துச் சோதித்தோம். அங்கே அது 75 விழுக்காட்டைக் காட்ட வேண்டும். முட்டைகள் ஒரு வாரத்துக்குள் இட்டவை. ஒவ்வொன்றும் எடையிடப்பட்டு, ஒருபுறம் அடையாளமிடப்பட்டது. நாள்தோறும் ஒற்றைப்படை முறை திருப்பினால், அடுத்தடுத்த இரவுகளின் நீண்ட பொழுதில் முட்டை ஒரே பக்கமாகக் கிடக்காது. திருப்பும்போதே ஓர முட்டைகள் நடுவுக்கும் நடு முட்டைகள் ஓரத்துக்கும் இடம் மாறின. எஞ்சியிருந்த சிறு வெப்ப வேறுபாட்டுக்கு இதுவே மருந்து. ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டைகள் நீக்கப்பட்டன. 18ஆம் நாளோடு திருப்புவது நிறுத்தப்பட்டது.

கருவுற்றவற்றில் பெரும்பாலானவை பொரித்தன. குஞ்சுகள் தட்டின் எல்லாப் பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடு கொத்தியதைக் கொண்டு, சூடு சீராகப் பரவியது என்று கொள்ளலாம். பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி. அவற்றுள் பலவற்றில் முழு வளர்ச்சியடைந்த குஞ்சுகள் இருந்தன. உடல் நீர்த்துவமாகவும் பருத்தும், காற்றறை சிறுத்தும் காணப்பட்டது. ஈரம் மிகுந்ததற்கான அடையாளம் இது. எடைக்குறிப்பும் அதையே சொன்னது: 18ஆம் நாளுக்குள் முட்டை 11 முதல் 14 விழுக்காடு எடை இழக்க வேண்டும், 60 கிராம் முட்டை என்றால் 7 அல்லது 8 கிராம், இங்கே இழப்பு 9 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஈரப்பதமானியோ முதல் 18 நாளும் வழக்கமாகச் சொல்லப்படும் 50 முதல் 55 விழுக்காட்டுக்குள்தான் காட்டியது.

காரணம், மரத்திலும் கம்பளியிலும் துணித்திரையிலும் தங்கியிருந்த ஈரம். நீர்த்தட்டு வற்றும்போது அவை ஈரத்தை வெளிவிட்டு, பெட்டியைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தன. ஈரப்பதமானி தொங்கிய இடம் மேல் திரையை ஒட்டியது. வெளியிலிருந்து வந்து புதிதாகச் சூடேறிய காற்று அங்கே உலர்ந்தே இருக்கும். முட்டைகளிடையே தேங்கிய காற்று அதைவிட ஈரமானது. மரப்பெட்டியில் ஈரத்தை அறிய முட்டையின் எடையைப் போல நம்பகமான அளவுகோல் வேறில்லை என்பது இதனால் உறுதியானது.

இரண்டாம் அடை

முட்டை வைக்கும் முன் பெட்டியை நீரின்றிச் சூடாக்கி, மரம் சமநிலைக்கு வந்த பிறகே அடை தொடங்கப்பட்டது. முதல் 18 நாளும் நீர்த்தட்டு வைக்கப்படவில்லை. எடையிழப்பு வரைகோடு தேவைக்கு மேல் செங்குத்தானால் மட்டும் சிறு கிண்ணம் வைப்பது என்று தீர்மானித்திருந்தோம். அது தேவைப்படவில்லை; இழப்பு 12 விழுக்காட்டை ஒட்டி அமைந்தது. 18ஆம் நாள் அகன்ற தட்டில் வெதுவெதுப்பான நீர் வைத்து ஈரத்தை 65 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியபோது மரம் இம்முறை நமக்குத் துணையாக நின்றது: கதவைத் திறந்து மூடினாலும் உள்ளீரம் விரைந்து மீண்டது. ஓட்டுக்குள் முழுதாக வளர்ந்து இறந்தவை மிகச் சிலவே. முட்டைகளின் சொந்தச் சூட்டை ஈடுசெய்ய, கட்டுப்பாடு மூன்றாம் வாரத்தில் சற்றுத் தணிக்கப்பட்டது.

பொரிப்பு முடிந்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. குஞ்சுத் தூவி துணித்திரையின் இழைகளில் படிந்து காற்று வழியை அடைத்துவிடும் என்பதால் இரு திரைகளும் கழற்றித் துவைக்கும்படி கொக்கிச் சட்டத்தில் பொருத்தப்பட்டுள்ளன. தட்டையும் உட்சுவரையும் முதலில் சோப்பு நீரால் கழுவி, அழுக்கு நீங்கிய பிறகே கிருமிநாசினி தடவ வேண்டும். அழுக்கின் மேல் தடவிய கிருமிநாசினி பயன் தராது. பழைய கையேடுகளில் வரும் ஃபார்மலின்–பொட்டாசியம் பெர்மாங்கனேட் புகையூட்டலை வீட்டில் செய்யவே கூடாது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உறுதியாக வகைப்படுத்தப்பட்டது. கழுவிய பெட்டியைச் சுருளின் சூட்டிலேயே உலர்த்தி, கதவைச் சிறிது திறந்து வைத்து, கீழ்த்திரைக்கு வெளியே எலி புகாத கம்பிவலை கட்டி, தரையிலிருந்து உயர்த்திச் சேமிக்கிறோம். அந்த வலையின் கண்களிலும் தூசி சேரும். அடுத்த அடைக்கு முன் அதைத் துடைத்து, கண்ணாடிக் குப்பிகளை மீண்டும் பரப்பி, மூலைகளின் சூட்டை ஒருமுறை அளந்த பிறகே முட்டைகள் உள்ளே போகும்.